பிதுக்காமல் வைத்திருந்த கட்டி

எங்கள் குடும்பத்தில் உடம்பில் கட்டி இல்லாத ஆள் குறைவு. அம்மாவுக்குத் தலையில் மூன்று, பெரியம்மாவுக்கு உச்சியில் ஒன்று, மாமனாருக்கு முழங்கைக்குக் கீழே ஒன்று, எனக்கு முதுகில் ஒன்று. எதுவும் ஆபத்தான கட்டி இல்லை. ஆனால் இவற்றுக்குள் மூன்று ரகம் இருக்கிறது. ஒன்றுக்குச் செய்யக்கூடியதை இன்னொன்றுக்குச் செய்ய முடியாது. இதைச் சொல்லித்தர ஆள் குறைவு. "இன்னாபா, சின்ன கட்டிதானே, பிதுக்கிட்டு மஞ்சள வை" என்று சொல்ல மட்டும் தண்டையார்பேட்டையில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

என் கட்டி வலது தோள்பட்டை எலும்பை ஒட்டி இருந்தது. எனக்குத் தெரியாது, என் மனைவிதான் முதலில் பார்த்தாள். பட்டாணி அளவு, தோலோடு சேர்ந்து நகர்கிறது, வலி இல்லை, நடுவில் பேனா முனையால் வைத்த மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளியை அவள் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. பிறகு டாக்டர் அந்தப் புள்ளியைத்தான் டார்ச் அடித்து முதலில் பார்த்தார். "இது இருந்தா பெரும்பாலும் இன்னான்னு சொல்லிடலாம்" என்றார். எபிடெர்மாய்டு சிஸ்ட். தோலடியில் ஒரு சிறு பை.

அவர் விளக்கியது இவ்வளவுதான். நம் மேல்தோல் தினமும் செத்த செல்களை உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. முடிக்கால் வழியாகவோ, பழைய காயம் வழியாகவோ அந்த மேல்தோலின் ஒரு துணுக்கு உள்ளே மாட்டிக்கொண்டால், அங்கே பை மாதிரி உருண்டு வளர்கிறது. வெளியே உதிர வேண்டியது உள்ளுக்குள் உதிர்கிறது. போக வழியில்லாமல் வெள்ளையாக, பிசுபிசுவென்று சேர்கிறது. அதற்குப் பெயர் கெரட்டின். நகத்திலும் முடியிலும் இருக்கிற அதே பொருள். கொழுப்பும் இல்லை, சீழும் இல்லை. எண்ணெய் பலகாரம் தின்றதால் வந்தது என்று என் அண்ணி சொன்னாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

இதில் முக்கியமான விஷயம் அந்தப் பை. உள்ளே இருக்கும் சரக்கை எவ்வளவு வெளியேற்றினாலும் பையின் உள்சுவர் திரும்ப ஊறவைத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் பிதுக்கிய கட்டி சில மாதத்தில் அதே இடத்தில் வருகிறது. பிதுக்கும்போது இன்னொரு கேடும் நடக்கிறது. கறுப்புப் புள்ளி வழியாக வெளியே வருவது கொஞ்சம்தான். அழுத்தத்தில் பைச்சுவர் உள்பக்கமாகக் கிழிந்தால் கெரட்டின் சதைக்குள் கொட்டிவிடும். உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்துச் சண்டை போடும். சிவப்பு, வீக்கம், தெறிக்கிற வலி எல்லாம் வரும்.

நான் வேலை செய்வது எண்ணூர் போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில். அங்கே லோடு பார்க்கும் தம்பி ஒருவனுக்குக் காதுக்குப் பின்னால் இதே மாதிரி ஒன்று. சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்கிறவர் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்திவிட்டார். வெள்ளையாக நீளமாக வந்ததாம், நாற்றம் பக்கத்தில் நிற்க முடியவில்லையாம். எல்லோரும் "சுத்தமா வந்துடுச்சு" என்று சந்தோஷப்பட்டார்கள். ரெண்டு நாளில் காதுமடல் தள்ளிக்கொண்டு நிற்கிற அளவு வீங்கி, படுக்கவும் முடியாமல், கடைசியில் கீறிவிட வேண்டியதாகிவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. கட்டியும் சின்னதாகத் திரும்ப வந்திருக்கிறது.

என் கட்டியை நான் பல வருஷம் ஒன்றும் செய்யவில்லை. செய்யாமல் இருப்பதும் ஒரு வைத்தியம்தான், டாக்டரே சொன்னார். வலிக்காத, சிவக்காத, மெதுவாக வளர்கிற சிஸ்டை எடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. செய்ய வேண்டியது மூன்று நாலு சில்லறை வேலை. சாதாரண சோப்பு போட்டுக் குளிக்கலாம், ஆனால் பீர்க்கங்காய் நார் போட்டு அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. நகம் படக் கூடாது. இறுக்கமான பனியன், பை வார், உராய்கிற எதையும் அந்த இடத்தில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு, அவ்வப்போது ஒரு போட்டோ. என் மனைவி பக்கத்தில் பத்து ரூபாய் நாணயத்தை வைத்து எடுப்பாள். அந்த நாணயம் 27 மில்லிமீட்டர் அகலம், அதனால் கட்டி வளர்கிறதா இல்லையா என்று நினைவை நம்ப வேண்டியதில்லை. "போன மாசத்தவிட பெருசா இருக்குதுங்க" என்று அவள் சொன்னபோதெல்லாம் போட்டோவை எடுத்துப் பார்த்தால் அதே அளவுதான் இருக்கும்.

ஒரு மே மாதம் அது விழித்துக்கொண்டது. வடசென்னையில் மே மாதம் என்றால் தெரியும். கடல் பக்கத்திலேயே இருந்தும் மத்தியானம் காற்று நின்றுவிட்டால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் முதுகில் லேப்டாப் பை, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகிற பைக். கட்டியின் மேலே தோல் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. நாற்காலியில் சாய முடியவில்லை.

அந்த நாட்களில் வீட்டில் நாங்கள் செய்தது வெந்நீர் ஒத்தடம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் "ஒத்தடம் குடு" என்று எல்லோரும் சொல்வார்கள், எப்படி என்று சொல்ல மாட்டார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். மணிக்கட்டின் உள்பக்கம் விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. துவைத்து வெயிலில் காயவைத்த பழைய வேட்டித் துணி, அதற்கென்று தனியாக. நாலாக மடித்து, முக்கிப் பிழிந்து, கட்டியின் மேல் அப்படியே வைக்க வேண்டும். அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது. ஆறினால் திரும்ப முக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை. வேலைக்குப் போகிறவனுக்கு நாலு தடவை நடக்காது. காலை, வந்தவுடன், படுக்கும்முன் என்று மூன்று நடந்தது. முன்னும் பின்னும் மனைவி சோப்பு போட்டுக் கை கழுவினாள். துணியை அன்றன்று துவைத்தாள்.

சர்க்கரை உள்ளவர்கள் இருக்கிற வீட்டில் ஒரு எச்சரிக்கை. அவர்களுக்குத் தோலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாது, வெந்துவிடும். சூட்டை வேறொருவர் கையில் பார்த்துத்தான் வைக்க வேண்டும். அதைவிட, சர்க்கரைக்காரருக்குக் கட்டி சிவந்தால் வீட்டில் காத்திருக்காமல் காட்டிவிடுவதே நல்லது. ஒருவருக்கு அடிக்கடி கட்டி சீழ் பிடிக்கிறது என்றால் அவருக்குச் சர்க்கரை பார்த்தாகிவிட்டதா என்பதுதான் நான் கேட்கிற முதல் கேள்வி.

டாக்டர் சொல்லித்தந்த இன்னொரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. சிவப்பு எதுவரை இருக்கிறதோ அந்த ஓரத்தைப் பால்பாயின்ட் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு வைக்க வேண்டும். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால், கோடுகோடாகச் சிவப்பு ஓடினால், காய்ச்சலோ குளிரோ வந்தால், அன்றே ஆஸ்பத்திரி. கோட்டுக்குள்ளேயே சுருங்கினால் ஒத்தடம் தொடரலாம். எனக்குச் சுருங்கியது. என் முதுகில் மனைவி நீல மையில் வட்டம் போட்டதை யார்டு பையன்கள் பார்த்துவிட்டு, "அண்ணே, ஜிஎஸ்டி சீலா?" என்று கேட்டார்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் போதுமாக இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் "கட்டிக்கு" என்று சொன்னாலே மூன்று கலரில் மாத்திரை வெட்டிக் கொடுப்பார்கள். அதில் ஒன்று நிச்சயம் ஆன்டிபயாடிக். சிஸ்ட் சிவந்தாலே கிருமி என்று அர்த்தமில்லை. பை கசிந்ததால் வந்த அழற்சி என்றால் ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. தேவையா என்பதைத் தொட்டுப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தானாக உடைந்துவிட்டால்? சிலருக்கு உடையும். உடைந்ததே நல்லது என்று மிச்சத்தையும் அழுத்தி எடுக்கக் கூடாது. ஓடுகிற சுத்தமான தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, காஸ் துணி வைத்து ஒட்டுங்கள். பஞ்சை நேராக வைத்தால் நூல் நூலாகப் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். தினமும், நனைந்தால் அதற்கு முன்பே, மாற்ற வேண்டும். பிறகு ஒரு தடவை காட்டிவிடுங்கள். உடைந்த கட்டி வற்றிவிட்டாலும் பை உள்ளேயேதான் இருக்கிறது.

காபித்தூள் வேண்டாம். சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டால் பழுத்து உடையும் என்பது நம் பாட்டிமார் கைவைத்தியம், சூட்டுக் கட்டிக்கு அவர்கள் போட்டார்கள். ஆனால் சுண்ணாம்பு காரம், தோலை வேகவைக்கும். எங்கள் தெருவில் ஒரு அக்கா கன்னத்தில் இருந்த சின்ன சிஸ்டுக்குப் போட்டு, கட்டி அப்படியே இருக்க, சுற்றிலும் தோல் கறுத்துப்போனது. எருக்கம்பால் இன்னும் மோசம். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

இனி அம்மா கதை. அம்மாவுக்குத் தலையில் இருப்பது என்னுடையதைப் போல் இல்லை. கறுப்புப் புள்ளி கிடையாது. வழவழப்பான, கெட்டியான உருண்டைகள். பெரியது மேல் முடி மெலிந்து பளபளவென்று தெரியும். பைலார் சிஸ்ட் என்கிறார்கள். முடிக்காலின் உறையிலிருந்து வருவது, பெரும்பாலும் தலையில்தான் வரும், நடுவயதுப் பெண்களுக்கு அதிகம், பரம்பரையாகவும் ஓடும். பெரியம்மாவுக்கு ஏன் இருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. பாட்டிக்கும் இருந்ததாம், "கொண்டைக்குள்ள மறைச்சிப்பா" என்றாள் அம்மா.

தலையில் கட்டி உள்ளவர்களுக்கு வீட்டுப் பராமரிப்பு என்பது முக்கால்வாசி சீப்புதான். நெருக்கமான பல்லுள்ள சீப்பு, ஈர்கொல்லி இரண்டும் கட்டியின் மேல் கீறும். அம்மாவுக்கு அகலப் பல் சீப்பு வாங்கிக் கொடுத்தோம். எண்ணெய் தேய்க்கலாம், ஆனால் விரல் நுனியால் அரக்கித் தேய்க்கக் கூடாது. தலைச்சாயம் பூசுகிறவர்கள் கட்டி சிவந்திருக்கும்போது பூச வேண்டாம். மொட்டை போடுகிறவர்கள் கத்தி வைக்கும்முன்பே நாவிதரிடம் சொல்லிவிட வேண்டும். அம்மா திருத்தணியில் மொட்டை போட்டபோது, உட்கார்ந்த உடனே அவர் கையைப் பிடித்து மூன்று இடத்திலும் வைத்துக் காட்டினாள். "இங்க, இங்க, அப்புறம் இங்க. மெதுவா." அவர் அந்த இடம் வரும்போதெல்லாம் கத்தியைப் படுக்கவைத்துக்கொண்டு ஒரு விரலால் கட்டியை மூடிச் சுற்றி எடுத்தார். ஒரு கீறல் இல்லை.

மாமனாருக்கு இருந்தது கொழுப்புக் கட்டி. மெத்தென்று இருக்கும், விரலால் தள்ளினால் வழுக்கி ஓடும், மேல்தோலைக் கிள்ளினால் தோல் தனியாக வரும், கட்டி அதோடு வராது. அதற்கு ஒத்தடமும் தேவையில்லை, ஒன்றும் தேவையில்லை. வளராமல், வலிக்காமல் இருக்கும்வரை விட்டுவிடலாம்.

எதை விடக் கூடாது என்பதுதான் பெரிய விஷயம். யார்டில் இன்னொரு பையனுக்குக் கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு மூன்று உருண்டைகள். என் கதையைக் கேட்டுவிட்டு, "அதே மாதிரிதாண்ணே, பழுக்காது" என்று சும்மா இருந்தான். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், சட்டை தொளதொளத்துக்கொண்டே போனது. ஊசி போட்டு எடுத்துச் சோதித்ததில் நெறிக்கட்டியில் டிபி. அரசு ஆஸ்பத்திரியில் ஆறு மாசம் இலவச மாத்திரையில் சரியானது. கழுத்துக் கட்டி, எச்சில் விழுங்கினால் கூடவே ஏறி இறங்குகிற தைராய்டு கட்டி, மார்பில் எந்தக் கட்டியும், இருமினால் துருத்துகிற தொடை இடுக்குக் கட்டி (அது குடலிறக்கமாக இருக்கலாம்), குழந்தைக்குப் புருவ ஓரத்திலோ மூக்கின் மேலோ முதுகின் நடுக்கோட்டிலோ பிறந்ததிலிருந்து இருக்கிற கட்டி, இவை எதற்கும் இந்தக் கட்டுரையில் நான் சொன்ன வீட்டு வைத்தியம் பொருந்தாது. குழந்தைக் கட்டியின் வேர் உள்ளே மண்டை வரை, தண்டுவடம் வரை போயிருக்கலாம், அதை அழுத்தவே கூடாது. கல் மாதிரி கெட்டியானது, அடியோடு ஒட்டி நகராதது, வேகமாக வளர்வது, 5 சென்டிமீட்டரைத் தாண்டியது, புண்ணாகி ஆறாதது, இவையும் டாக்டரிடம் போகவேண்டியவை.

ஆண்கள் வெளியே சொல்லாத ஒன்றும் இருக்கிறது. விதைப்பையின் தோலில் வெள்ளையாகச் சின்னச் சின்ன உருண்டைகள் வரும். பெரும்பாலும் அதுவும் இதே சிஸ்ட்தான், தோலில்தான் இருக்கும், தொற்றாது. வெட்கப்பட்டுக்கொண்டு லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியர்களிடம் பணத்தைக் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். தோல் டாக்டர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். தோலில் இல்லாமல் விதையிலேயே கட்டி தட்டுப்பட்டால் அது வேறு, உடனே ஸ்கேன்.

என்னுடையது வீக்கம் வற்றியதும் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சிவந்திருக்கும்போதே எடுங்கள் என்று கேட்டதற்கு டாக்டர் மறுத்துவிட்டார். அழற்சியில் பைச்சுவர் நைந்து சுற்றுச் சதையோடு ஒட்டியிருக்கும், முழுசாக வராது, ஒரு துணுக்கு நின்றாலும் திரும்ப வரும். சீழ் கட்டியிருந்தால் கீறி வடிப்பார்கள், அது அவசரத்துக்கு. பையை எடுப்பது பிறகு, நாலு முதல் ஆறு வாரம் ஆறவிட்டு.

அம்மாவின் பெரிய கட்டியும் சீப்பில் பட்டுப் பட்டு வலித்ததால் அதையும் எடுக்கச் சொன்னார்கள். அவள் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்றாள். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டு, அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டினோம். மரத்துப்போக ஊசி போடும்போது சுருக்கென்று எரியும், அவ்வளவுதான் வலி. பிறகு இழுக்கிற உணர்ச்சி மட்டும். அவளுடையது தோலைக் கீறியதும் உடையாமல் முழு உருண்டையாக வெளியே வந்தது. தோல் உரித்த நுங்கு மாதிரி வெள்ளையாக, ஈரமாகத் தட்டில் கிடந்தது. அம்மா அதைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துப் பார்த்தாள். "இதுக்கா இத்தனை வருஷம் பயந்தேன்?"

என்னுடையது அப்படி லேசில் வரவில்லை. முன்பு அழற்சி வந்ததால் ஒட்டியிருந்தது. கறுப்புப் புள்ளியைச் சுற்றி நீள்வட்டமாகத் தோலையும் சேர்த்து எடுத்தார்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்தது.

போவதற்கு முன் சொல்ல வேண்டியவை: ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சர்க்கரை எவ்வளவு, மரப்பு ஊசிக்கு முன்பு ஒவ்வாமை வந்திருக்கிறதா, பழைய காயத் தழும்புகள் தடித்து வளர்ந்திருக்கின்றனவா. நெஞ்சிலும் தோளிலும் தழும்பு தடிக்கும் ஆட்களுக்கு எடுப்பதா வேண்டாமா என்பதே யோசிக்க வேண்டிய விஷயம், கட்டியைவிடத் தழும்பு பெரிதாகிவிடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தையல் பிரிக்கும் நாள் இடத்துக்கு இடம் மாறும். முகத்தில் ஐந்து முதல் ஏழு நாள், தலையில் ஏழு முதல் பத்து, முதுகில் பத்து முதல் பதினான்கு. முதுகுத் தோல் எப்போதும் இழுபடுவதால் நான் அந்த இரண்டு வாரமும் பளு தூக்கவில்லை, லேப்டாப்பைக் கையில் எடுத்துப் போனேன். தண்ணீர் கேன் மாடிக்கு ஏற்றுவதைப் பையன் பார்த்துக்கொண்டான், முணுமுணுத்துக்கொண்டே. தலைக்குக் குளிப்பது எப்போது என்று ஒவ்வொருவருக்கும் வேறு வேறு சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கட்டு நனைந்தால் மாற்றுங்கள்.

கடைசியாக, வெட்டி எடுத்ததைப் பயாப்சிக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். பார்த்தாலே சிஸ்ட் என்று தெரிந்தாலும் நுண்ணோக்கியில் பார்த்துவிடுவது பாதுகாப்பு. அந்த ரிப்போர்ட் தையல் பிரிக்கப் போகும் நாளுக்குள் வராமலும் போகலாம், அதனால் நிறைய பேர் வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். எங்கு, எந்த நாளில் வாங்க வேண்டும் என்பதை ஓ.பி. சீட்டின் பின்பக்கமே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். அம்மாவுடையதையும் என்னுடையதையும் வாங்கி, ரேஷன் கார்டு இருக்கிற அதே ஃபைலில் வைத்திருக்கிறேன். அம்மாவின் தலையில் மற்ற இரண்டும் இருக்கின்றன. அவை வலிக்கவில்லை, எடுக்கவும் இல்லை.